இரவல் விடுமுறை: கடல்கடந்த கொரியரின் கிறிஸ்துமஸ்



மார்கழி மாதத்துக் கூட்டத்திற்கு ஒரு விழாவைப் பற்றிய பேச்சு பொருத்தமாக இருக்கும் என்று செயலாளர் விரும்பினார். நம்முடைய விழாக்களைப் பற்றி இந்த மேடையில் பலரும் நிறைவாகப் பேசிவிட்டார்கள். ஆகவே, இதே கலிபோர்னியாவில் நமக்குப் பக்கத்து வீட்டில் வாழ்கிற இன்னொரு மக்களின் விழாவை எடுத்துக்கொண்டேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஒலிம்பிக் பெருவீதியை ஒட்டிய கொரியர் பகுதியில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்பதைத் தவிர இதைப் பேசுவதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

கொரியரைப் பற்றித் தமிழர் கூட்டத்தில் பேச எழுந்தால், 'அப்பா', 'அம்மா' என்று அவர்களும் அழைக்கிறார்களாமே, நமக்கும் அவர்களுக்கும் பழைய உறவு உண்டாமே என்று யாரேனும் கேட்பார்கள். குழந்தையின் வாயில் முதலில் பிறக்கும் ஒலிகளை வைத்துக்கொண்டு இனவுறவு நாட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. நமக்கும் அவர்களுக்கும் உள்ள உண்மையான ஒற்றுமை, சொந்த ஊரின் நாட்காட்டியை வேற்றூரின் நாட்காட்டிக்குள் எப்படி நுழைப்பது என்ற சங்கடம்தான். அதை அவர்கள் கிறிஸ்துமஸைக் கொண்டு தீர்த்துக்கொண்டார்கள் என்பதே என் பேச்சின் பொருள்.

அவர்களுள் கிறிஸ்தவர் மிகுதி, ஆகவே கொண்டாடுகிறார்கள் என்று ஒரே வாக்கியத்தில் இதை முடித்துவிட முடியாது. தாய்நாட்டில் இந்த நாள் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் டிசம்பர் 25 அரசு விடுமுறை. 1949 முதலே அப்படித்தான். புத்தர் பிறந்த நாளுக்கு அந்தத் தகுதி 1975இல்தான் கிடைத்தது. ஆனால் 2015ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அந்நாட்டில் புராட்டஸ்டன்டு, கத்தோலிக்கர் இரு சாராரையும் சேர்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர்தாம் கிறிஸ்தவர். எந்தச் சமயத்தையும் சாராதவர் பாதிக்கு மேல். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் குடும்ப விழா அன்று. நண்பர்களும் காதலர்களும் நகரத்துத் தெருக்களில் உலவி, ரொட்டிக்கடையில் பாலேடு பூசிய கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிற மாலை அது.

இந்த இளமைக் கோலத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1945 முதல் 1982 வரை அந்நாட்டில் நள்ளிரவு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. மணி பன்னிரண்டு அடித்தால் வீதியில் ஆள் நடமாட்டம் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலும் ஆண்டின் கடைசி இரவிலும் மட்டும் அந்தக் கட்டு தளர்த்தப்பட்டது. ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடந்த ஒரு தலைமுறைக்கு அந்த இரவு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! கிறிஸ்துவை அறியாதவனும் கிறிஸ்துமஸுக்காகக் காத்திருந்தான். கொரியரின் குடும்ப விழாக்கள் வேறு. சந்திர ஆண்டின் பிறப்பான ஸொல்லால், இலையுதிர்கால முழுநிலவு நாளான சூசோக் ஆகிய இரண்டுக்குந்தான் இரயிலிலும் பேருந்திலும் நாடே ஊர் திரும்பும். பெரியோரை வணங்குவதும் முன்னோரை நினைப்பதும் அந்த நாட்களுக்கு உரியவை.

தேவாலயத்துக்குள் வேறொரு கிறிஸ்துமஸ் இருந்தது. செப்யொக்சோங் என்று அதற்குப் பெயர். விடியற்பாட்டு என்று நாம் சொல்லலாம். கிறிஸ்துமஸ் பிறக்கும் இரவில் ஆலயத்து இளைஞர்கள் குழுவாகக் கிளம்பி, உறைபனியில் வீடு வீடாகச் சென்று வாசலில் நின்று பாடுவார்கள். வீட்டுக்காரர் விழித்திருந்து கதவைத் திறந்து தின்பண்டங்களை அவர்களுடைய சாக்குப்பையில் போடுவார். சேர்ந்த பண்டங்கள் பின்னர் ஏழைகளுக்கோ ஆலயத்துச் சிறுவர்களுக்கோ போகும். நம் ஊர்த் திருச்சபைகளில் டிசம்பர் இரவுகளில் கீத பவனி செல்வோரையும், அதே மாதத்தின் விடியலில் வீதி சுற்றிவரும் மார்கழி பஜனையையும் ஒருசேர நினைத்துக்கொண்டால் இதன் சுவை நமக்குப் புரியும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பின், அண்டை வீட்டார் உறக்கத்துக்கு இடைஞ்சல் என்று இந்த வழக்கம் கொரிய நகரங்களில் பெரும்பாலும் அருகிப் போயிற்று.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. கொரியருக்கு நடுவே அயலாராக இருந்து கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்களுள் ஷெர்வுட் ஹால் என்ற கனடிய மருத்துவரை நான் முதலில் நினைக்கிறேன். 1893இல் சியோலிலேயே பிறந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை அவர். ஹேஜு நகரில் காசநோய் மருத்துவமனை நடத்தினார். நோயாளிகளுக்குப் பணம் திரட்ட 1932இல் கொரியாவின் முதல் கிறிஸ்துமஸ் முத்திரைத்தாளை வெளியிட்டார். அதற்கு அவர் முதலில் தேர்ந்த படம் ஆமைக் கப்பல். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியப் படையெடுப்பைக் கடலில் முறியடித்த கப்பல் அது. அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானிய அதிகாரிகள் அதை ஒப்புவார்களா? சியோலின் தெற்குக் கோட்டைவாயிலின் படத்தைப் போட்டு முத்திரை வெளிவந்தது. காசநோய்க்குக் காசு சேர்க்கும் ஒரு துண்டுத் தாளுக்குள்ளும் நாடு எட்டிப் பார்த்தது. 1940இல் கொரியாவை விட்டு வெளியேற நேர்ந்த அந்த மருத்துவர் நம் நாட்டுக்கு வந்து, அஜ்மீருக்கு அருகிலுள்ள மதார் காசநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றினார். 1991இல் காலமான அவருடைய உடல் சியோலில் அடக்கம் செய்யப்பட்டது.

இனிக் கடல் கடந்தவர்களிடம் வருவோம். 1903 ஜனவரி 13ஆம் நாள் கேலிக் என்ற கப்பல் நூற்றுச் சொச்சம் கொரியரோடு ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இன்சொன் நகரத்து நேரி மெதடிஸ்டு ஆலயத்தின் மிஷனரி தம் சபையாரை ஊக்கி அனுப்பினார். எனவே முதல் கப்பலில் வந்தவர்களில் கணிசமானோர் ஒரே ஆலயத்தைச் சேர்ந்தவர்கள். 1905க்குள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வந்துவிட்டனர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய கதை தமிழருக்குப் புதிதன்று. பிஜிக்கும் நேட்டாலுக்கும் சென்ற நம்மவர் அங்கே மாரியம்மன் கோவில் கட்டினார்கள். கொரியர் வந்த ஆண்டின் நவம்பரிலேயே ஹொனலூலுவில் வழிபாட்டுக் கூட்டம் தொடங்கினார்கள். 1910இல் தாய்நாடு ஜப்பானின் உடைமையாயிற்று. தூதரகம் இல்லை, கொடி இல்லை. பிறந்த நாட்டின் பெயரில் கூடுவதற்கு ஆலயத்தைப் போல் வேறிடம் இல்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான சிங்மன் ரீ அங்கே தோற்றுவித்த கொரியக் கிறிஸ்தவ ஆலயத்துக்கு 1938இல் எழுப்பிய கட்டடத்தின் முகப்பு சியோல் அரண்மனையின் குவாங்வாமுன் வாயிலைப் பார்த்துச் செய்தது. அந்த வாயிலுக்குள் நுழைந்து கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடியவன், உண்மையில் எந்த ஊருக்குள் நுழைந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நாடு இருந்தது. ஆனால் நாட்கள் இல்லை. சூசோக் பெரும்பாலும் செப்டம்பரில் ஏதோ ஒரு வேலைநாளில் வரும். அன்று சலவைக்கடையைப் பூட்ட முடியுமா? பிள்ளைக்குப் பள்ளியில் தேர்வு இருக்கும். ஸொல்லாலும் அப்படியே, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை வந்து போகும். ஊரார் எல்லோருக்கும் ஒருசேரக் கடையடைப்பும் பள்ளி விடுமுறையும் கிடைப்பது ஆண்டின் கடைசி வாரத்தில்தான். கிறிஸ்துமஸ் அவர்களுக்கு அந்த வாரத்தின் நுழைவாயில். முழுநிலவு நாளில் உறவினர் கூடிச் சேர்ந்து உண்பது கிறிஸ்துமஸுக்கு இடம் மாறியது. டிசம்பர் 31 நள்ளிரவு வழிபாட்டை அவர்கள் சோங்கு யொங்ஷின் என்பார்கள். பழையதை அனுப்பிப் புதியதை வரவேற்றல் என்று பொருள். அந்த வழிபாடு முடிந்து விடிந்தால் ஜனவரி முதல் நாள், அரிசிமாவு வில்லைகள் மிதக்கும் தொக்குக் என்ற சாறு, பெரியோர் காலடியில் பிள்ளைகள் மண்டியிட்டுச் செய்யும் வணக்கம், கைக்கு வரும் காசு: ஸொல்லாலின் சடங்குகள் அனைத்தும் வந்து சேர்ந்துவிடும். டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஒன்பது நாட்களும் அவர்களுக்கு ஒரே விழா. விடுமுறை அமெரிக்காவினுடையது, அதற்குள் வைத்த பண்டம் அவர்களுடையது.

இந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒரே விடையைத் தருவதில்லை. ஜப்பானில் டிசம்பர் 25 வேலைநாள்; ஆகவே அங்குள்ள கொரியக் கிறிஸ்தவருக்கு இந்த விடுமுறை வாரம் கிட்டவில்லை. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்வைத்த பின் சென்னையிலும் ஒரு கொரியர் சமூகம் உருவாயிற்று. அங்கும் சூசோக்குக்கு விடுமுறை இல்லை, கிறிஸ்துமஸுக்கு உண்டு. கடைவீதியில் காகித நட்சத்திரம் தொங்கும் அந்த நாட்களில் ஒரு கொரியக் குழந்தைக்குச் சிவப்பு அங்கி அணிந்த வெண்தாடிக்காரரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாம் அவரைக் கிறிஸ்துமஸ் தாத்தா என்கிறோம். அவர்கள் சாண்டா ஹராபொஜி என்கிறார்கள். ஹராபொஜி என்றால் தாத்தாதான். ஆங்கிலேயர் தந்தை என்று சொன்னவரை இரு மொழிக்காரரும் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிட்டார்கள்! முதியவரை உறவுப் பெயரின்றி அழைக்கக் கூசுகிற பண்பாடுகள் இவை.

இனி அந்த 24ஆம் தேதி மாலை. கொரியர் பகுதி என்று பெயர் பெற்ற வட்டாரத்தில் பெரும்பான்மைக் குடியினர் ஸ்பானிய மொழி பேசுவோர்; கொரியர் சிறுபான்மையே. ஆனால் கடைப் பலகைகளில் ஹங்குல் எழுத்து, தெருவுக்குத் தெரு ஆலயம். சலவைக்கடை, மளிகைக்கடை, மதுக்கடை நடத்துவோருக்கு ஆண்டிலேயே மிகுந்த வியாபாரம் நடக்கும் நாள் அது. இருட்டிய பிறகே கதவை இழுத்து மூடுவார்கள். அதற்கு முன்பே ஆலயத்தின் கீழ்த்தளத்துச் சமையலறையில் பெண்கள் கூடிவிடுவர். கிம்பாப் சுருட்டுவோர், கண்ணாடி இழை போன்ற சேமியாவைக் காய்கறியோடு வதக்கி ஜாப்சே செய்வோர், பெரிய தவலைகளில் சோறு வடிப்போர் என்று ஊர்ச் சமையல் நடக்கும். ஆண்கள் நாற்காலி அடுக்குவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. விழாவின் சுமை யார் முதுகில் ஏறுகிறது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு காணோம்.

மேலே மேடையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி. மழலை வகுப்பு முதல் இளைஞர் குழுவரை ஒவ்வொரு பிரிவும் ஏறும். இடையர்கள், ஞானியர், துணியால் செய்த ஆடு. எந்நாட்டுக் கிறிஸ்துமஸ் மேடையிலும் இவை உண்டு. இங்கே வேறுபடுவது கீழே அமர்ந்திருப்பவர்கள். முதல் வரிசைகளில் பாட்டிமார். ஹால்மொனி என்பது அவர்கள் சொல். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. மேடையில் நிற்கும் பேரனுக்குக் கொரிய மொழி பாதிதான் வரும். பெரிய ஆலயங்களில் ஆண்டு முழுவதும் இந்த இருவரும் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு அறையில் தொழுகிறார்கள்: முதியோருக்குக் கொரிய வழிபாடு, இளையோருக்கு ஆங்கில வழிபாடு. கிறிஸ்துமஸ் இரவில் மட்டும் இரு கூட்டமும் ஒரே மண்டபத்தில் அமரும். பேரன், சனிக்கிழமை ஹங்குல் பள்ளியில் உருப்போட்ட கொரிய வாசகத்தைப் பொருள் முழுதும் விளங்காமலே ஒப்பிக்கிறான். பாட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையசைக்கிறாள். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று, மெட்டு ஒன்றாக இருக்கிற பழைய கிறிஸ்துமஸ் பாட்டை அவரவருக்கு வாய்த்த மொழியில் பாடுகிறார்கள். சொற்கள் ஒன்றையொன்று மோதிக்கொள்கின்றன. ஒருவருக்கும் அது குறையாகப் படுவதில்லை. அவர்களுடைய துதிநூலில் ஒரே பக்கத்தில் இரு மொழியும் அச்சாகியிருப்பதை நான் விரும்பிப் புரட்டியிருக்கிறேன். தேவாரத்துக்கோ திருப்பாவைக்கோ அப்படி ஒரு கைப்பதிப்பு நம் பிள்ளைகள் கையில் இருந்தால் எவ்வளவு நன்று!

முதியோர் அந்த இரவில் நினைத்துக்கொள்வது எல்லாம் பெத்லகேம் அன்று. வடகொரியாவில் பிறந்து போரில் ஊரை இழந்தவர்கள் அமெரிக்கக் கொரிய ஆலயங்களில் பலர் இருந்தார்கள். பியோங்யாங் ஒரு காலத்தில் கிழக்கின் எருசலேம் என்று பெயர் பெற்ற நகரம். வடக்கே கிறிஸ்தவம் அவ்வளவு தழைத்திருந்தது. 1950 டிசம்பரில் சீனப் படைகள் நெருங்கியபோது ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து ஒரு லட்சத்தை ஒட்டிய பொதுமக்கள் கப்பல்களில் மீட்கப்பட்டனர். மெரடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலில் பயணியர்க்கு இருந்த இடம் பன்னிரண்டு. தலைவர் லியனார்டு லரூ பதினாலாயிரம் பேரை ஏற்றிக்கொண்டார். உணவும் நீரும் வெளிச்சமும் இல்லாத சரக்கறைகளில் நின்றபடி பயணம் செய்தார்கள். வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன, ஒருவரும் இறக்கவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் கப்பல் கோஜே தீவை அடைந்தது. லரூ பின்னர் நியூஜெர்சியில் ஒரு மடத்தில் சேர்ந்து துறவியாகவே வாழ்ந்து 2001இல் மறைந்தார். 'சத்திரத்தில் இடமில்லை' என்ற விவிலியச் செய்தி அந்த மக்களின் காதில் எப்படி விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், ஊர் திரும்ப முடியாமற்போன நாளும் ஆகும்.

லாஸ் ஏஞ்சலஸ் கொரியருக்கு இன்னொரு தேதியும் உண்டு. 1992 ஏப்ரல் 29 அன்று மூண்ட கலவரத்தில் கொரியர் கடைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை சூறையாடப்பட்டோ எரிந்தோ போயின. சா-இ-கு, அதாவது நான்கு-இரண்டு-ஒன்பது என்று வெறும் எண்ணால் அதைக் குறிப்பிடுகிறார்கள். கடைக்கு வாசலில் நட்ட நம்பிக்கை போன பின்னும் அவர்கள் கூடுவதற்கு ஆலயம் இருந்தது.

புகழ்ச்சி மட்டும் பேசிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. விழாவை ஆலயத்தின் கையில் ஒப்படைத்ததற்கு அவர்கள் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத கொரியன் ஊராரைப் பார்க்க வேண்டுமானால் அவனும் ஆலயத்துக்குத்தான் வரவேண்டியிருந்தது. பியூ ஆய்வு மையம் 2012இல் வெளியிட்ட கணக்கில் அமெரிக்கக் கொரியருள் நூற்றுக்கு 71 பேர் கிறிஸ்தவர். தாய்நாட்டு விகிதத்தைப் போல இரண்டரை மடங்கு. விசுவாசம் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை, தனிமையும் காரணம். அதே மையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் அது 59 ஆகக் குறைந்திருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் ஆலயத்தை விட்டு ஓசையில்லாமல் விலகுவதை 1990களிலேயே 'மௌன வெளியேற்றம்' என்று அவர்கள் பெயரிட்டுப் பேசத் தொடங்கினார்கள். ஆலயத்தை விட்டவனுக்கு விழாவும் போயிற்று, விழாவோடு பாட்டியின் மொழியும் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்ததன் ஆபத்து இது.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு மத்திய ஆசியக் கொரியர் சான்று. 1937இல் ஸ்டாலின் அரசு சோவியத் தூரக்கிழக்கிலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரம் கொரியரைக் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் பெயர்த்து எறிந்தது. அவர்களுக்கு ஆலயம் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. கொரிய மொழியும் பெரும்பாலோர் நாவிலிருந்து போய்விட்டது. ஆயினும் குழந்தையின் முதல் ஆண்டு நிறைவும், அறுபதாண்டு நிறைவும், ஏப்ரல் 5ஆம் நாள் முன்னோர் கல்லறைக்குச் செல்வதும் இன்றளவும் அவர்களிடம் உள்ளன. சீன முட்டைக்கோசு கிடைக்காத இடத்தில் காரட்டைச் சீவி ஊறவைத்துக் கிம்ச்சிக்கு ஒரு தங்கையைப் படைத்துக்கொண்டார்கள். வீட்டுச் சடங்கு மொழியை இழந்தும் பிழைத்தது. ஆலயத்து விழா மொழியைக் காப்பாற்ற முயன்று மூச்சு வாங்குகிறது. இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புக் கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் பொங்கலைத் தை முதல் நாளிலிருந்து அதற்கடுத்த சனிக்கிழமைக்கு மாற்றி, பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்துக் கொண்டாடிவரும் நாம், இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. நம் வீட்டு அடுப்பில் அன்று என்ன பொங்குகிறது என்ற கேள்வியைச் சனிக்கிழமை அரங்கத்தால் தீர்க்க இயலாது.

ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். சிறுவயதில் பெற்றோரோடு குடியேறி இரு மொழியும் வாய்த்தவர்களைக் கொரியர் 'ஒன்றரைத் தலைமுறை' என்பார்கள். கணக்கில் பிசகாத நல்ல சொல். கிறிஸ்துமஸ் இரவில் போதகர் கொரிய மொழியில் பேசும்போது, மண்டபத்தின் பின்வரிசையில் ஒலிவாங்கியைப் பிடித்தபடி ஒருவர் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். இளையோர் காதுக்கருவியில் அதைக் கேட்பார்கள். அந்த வேலை ஒன்றரைத் தலைமுறையினருக்கு உரியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறுவர்களாக வந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுள் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. காதுக்கருவி அணிந்திருப்பவர்களிலிருந்து அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.